ஜெயித்தவரின் தாடை

"செத்தவங்களுக்குக்கூட இந்த ஆஸ்பத்திரியில ஒரு ஜன்னல் இருக்கு, சீட்டு குடுக்கிறாங்க. உசிரோட நிக்கிற மனுஷனுக்குச் சீட்டு இல்லையா?"

"ஜவேர்பென், சத்தம் போடாதீங்க. இல்லைன்னு யார் சொன்னா? உங்க வீட்டுக்காரர் பேரு நோயாளிகள் பதிவேட்டுல இல்ல, ஜெயித்தவர்கள் பதிவேட்டுல இருக்கு. ஜெயிச்சவருக்கு நோயாளிச் சீட்டு எழுதினா நானே அவரைத் தோக்கடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"ஜெயிச்ச மூஞ்சியாய்யா இது? நல்லாப் பாருங்க பிபின்பாய்! பாதி மோவாய் ஜாம்நகர் பக்கம் போகுது, பாதி ஜூனாகட் பக்கம் போகுது!"

"களை இருக்கு பென். ஜெயிச்ச களை அப்படியே இருக்கு."

ராஜ்கோட்டில் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ஒன்றாம் எண் ஜன்னலில், சீட்டு எழுதும் பிபின்பாயோடு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்த இந்தச் சண்டை கான்டீன் வரைக்கும் கேட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையோடு எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். ஜவேர்பென்னின் குரல் அப்படி. ஆனால் அந்த வீட்டில் குரலுக்குப் பேர் போனவர் அவள் இல்லை. பக்கத்தில் துண்டால் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் புருஷன் தேவ்ஷிபாய்தான். நிலக்கடலை மார்க்கெட் யார்டில் முப்பது வருஷம் ஏலம் கூவிய மனிதர். அவர் "ஒரு தரம்" என்றால் யார்டின் கடைசி மூட்டையில் உட்கார்ந்திருக்கும் காக்கை எழுந்து பறக்கும் என்பார்கள். இப்போது வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம்தான். டக். அதுவும் வெளியே கேட்காது. காதுக்குக் கீழே, உள்ளே, யாரோ தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவது மாதிரி அவருக்கு மட்டும் கேட்கும்.

நடந்தது இவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தேவ்ஷிபாயின் இடது கன்னத்தில் புற்றுநோய் வந்தது. ஏன் வந்தது என்று எங்கள் சொசைட்டிக் குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிளாஸ்டிக் தாளில் தேய்த்த மாவா ஒரு நாளைக்கு எத்தனை என்று வாசலில் கிடந்த தாள்களை வைத்து எல்லோருக்கும் தெரியும். முப்பத்து மூன்று தடவை கரண்ட் வைத்தார்கள்; கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். தலை ஆடக் கூடாது என்று, சூடான பிளாஸ்டிக் வலையை முகத்தில் படிய அழுத்தி, அவர் முகம் போலவே ஒரு கூடு செய்து, அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள். முப்பத்து மூன்று தடவையும் அந்த முகக்கூட்டுக்குள் கிடந்து அவர் கண்ணை மூடி ஏலம் கூவினார், மனசுக்குள். கட்டி கரைந்தது. அதை மறுக்க முடியாது. ஆள் பிழைத்தார்.

பிழைத்ததோடு விட்டிருக்கலாம். ஐந்து வருஷம் தாண்டியவர்களை அந்த ஆஸ்பத்திரி விடுவதில்லை. ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜெயித்தவர் தினம். அன்றைக்கு அவரவர் முகக்கூட்டுக்குத் தங்க வர்ணம் அடித்து நீள வராந்தாவின் சுவரில் மாட்டுவார்கள். பிறகு டிரஸ்டின் தலைவர் ஹிம்மத்லால் சேட் ஒரு அட்டை கொடுத்து, வலது கையைத் தூக்கச் சொல்லி, உறுதிமொழி சொல்லித் தருவார்: "எனக்கு வியாதி இல்லை. எனக்கு வியாதி இருந்ததும் இல்லை. எவர் கேட்டாலும் நான் ஜெயித்தவன் என்பேன்."

போன வருஷம் தேவ்ஷிபாய் கையைத் தூக்கிச் சொன்னார். வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவர். வாயால் சொன்னதை மாற்றிப் பேசிப் பழக்கமில்லை.

அந்தச் சித்திரையில் கடலை மிட்டாய் கடித்து ஒரு கடைவாய்ப் பல் ஆடியது. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பல் டாக்டர் பையன் நல்லவன்தான். கேட்கத்தான் செய்தான்: "காகா, முன்னாடி ஏதாவது பெரிய வியாதி? கரண்ட் கிரண்ட் வெச்சாங்களா?" தேவ்ஷிபாய் நாற்காலியில் படுத்தபடியே வலது கையைத் தூக்கினார். எனக்கு வியாதி இல்லை, இருந்ததும் இல்லை என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, அட்டையையும் எடுத்துக் காட்டினார். பையன் அட்டையைப் பார்த்து, "வாழ்த்துகள் காகா" என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கிவிட்டான்.

அந்தக் குழி மூடவே இல்லை. மழைக்காலம் போயிற்று, தீபாவளி போயிற்று. குழிக்குள்ளே எலும்பு தெரிந்தது, காய்ந்த கடலைத் தோல் நிறத்தில். வாயில் ஒரு நாற்றம். ஜவேர்பென் கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். "ஜெயிச்சவன் எதுக்குப் போறது?" என்றார் இவர்.

ஆனால் ஆஸ்பத்திரியே கூப்பிட்டனுப்பியது. இந்த வருஷம் உறுதிமொழியை முன்னால் நின்று சொல்லித் தர நல்ல குரல் வேண்டுமாம். ஒத்திகையில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஹிம்மத்லால் சேட் விழாவில் பேசவிருக்கும் பேச்சை ஒத்திகையிலும் முழுசாகப் பேசினார். ஒன்றேகால் மணி நேரம். தேவ்ஷிபாய் மரியாதை தெரிந்தவர். வந்த கொட்டாவியை மூன்று தடவை விழுங்கினார். நாலாவதை முடியவில்லை. வாய் திறந்தது. டக்.

தாடை முறிந்த அந்த முதல் டக் மட்டும் வெளியே கேட்டது. சேட் அதைக் கைதட்டல் என்று நினைத்துத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஜன்னலில் சீட்டு கிடைக்காத அந்த வியாழக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மேலே சுவர் நெடுக தங்க முகங்கள். கண் இருக்கிற இடத்தில் வலை, வாய் இருக்கிற இடத்தில் வலை. மின்விசிறி சுற்றும்போது லேசாக ஆடின. எது யாருடையது என்று அடியில் பேர் எழுதியிருந்தது. அதில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று எழுதவில்லை. தேவ்ஷிபாய் தன்னுடையதைப் பார்த்தார். இடது தாடை முழுசாக இருந்தது. தான் இங்கே கீழே உடைந்து உட்கார்ந்திருக்க, உடையாத தான் ஒருத்தன் மேலே சுவரில் இருந்து பார்ப்பதாகத் தோன்றியது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுதும் போச்சா?" என்றாள் பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தவள். புடவைத் தலைப்பை மோவாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தலைப்பு ஓர் இடத்தில் நனைந்திருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே தங்க முகக்கூடு. அடியில் காஞ்சன்பென் என்று பேர். "எனக்குக் கதவு சாத்தும்போது இடிச்சமாதிரி கேட்டுச்சு. உங்களுக்கு?"

தேவ்ஷிபாய் விரலால் தாழ்ப்பாள் போட்டுக் காட்டினார். அவள் புரிந்ததாகத் தலையாட்டினாள். ஆறு நாளில் அவருக்குப் புரியும்படி பேசிய முதல் ஆள்.

"எத்தனை நாளா வர்றீங்க மாஸி?" என்று கேட்டாள் ஜவேர்பென்.

"நாலு வருஷம். ஆரம்பத்துல ரெண்டு தடவை தவிர ஒரு வியாழக்கிழமை தவறினதில்ல. அக்கா பையன் கல்யாணத்துக்குப் போர்பந்தர் போனேன், ரெண்டு தடவை வரலை. அதோட பதிவேட்டுல என்னைத் தொடர்பு அற்றவர்னு போட்டுட்டாங்க. வந்தேன். 'நீங்கதான் வர்றதை நிறுத்திட்டீங்களே'ங்கிறாங்க. 'வந்திருக்கேனே'ங்கிறேன். 'பதிவேட்டுல இல்லையே'ங்கிறாங்க."

"அடக் கடவுளே! அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"வராம இருந்தா அவங்க சொன்னது நிஜமாயிடுமே பென்."

காஞ்சன்பென்தான் வழி சொன்னாள். நோயாளிச் சீட்டு வேண்டுமென்றால் நோய் வேண்டும். திரும்பவும் புற்றுநோய் வந்திருக்கிறதோ என்று சந்தேகம் என்று சொன்னால் சோதனைச் சீட்டு கொடுப்பார்கள். அப்படியே சொன்னார்கள். கொடுத்தார்கள். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்து ஏழாம் நாள் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. சோதனைச்சாலைப் பெண் ஓடி வந்து கையைக் குலுக்கினாள். பேடா இனிப்பு கொண்டு வந்து நீட்டினார்கள். தேவ்ஷிபாயால் மெல்ல முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டே துறை துறையாக நடந்தார். உள்ளங்கையில் பேடா உருகியது.

எலும்புத் துறையில் சொன்னார்கள்: "காகா, எங்க துறை கழுத்துக்குக் கீழதான் ஆரம்பிக்குது. இதே முறிவு முழங்கால்ல இருந்திருந்தா இன்னிக்கே பண்ணிடலாம். அதிர்ஷ்டம் இல்ல உங்களுக்கு."

பல் துறையில் சொன்னார்கள்: "கரண்ட் பட்ட தாடையை நாங்க தொடவே மாட்டோம். தொட்டா என்ன ஆகும்னு உங்களைப் பார்த்தாலே தெரியுதே."

கரண்ட் துறைத் தலைவர் எழுந்து நின்றே வரவேற்றார். "கரண்ட்டுக்குப் புத்தி உண்டு பென். கட்டியை மட்டும்தான் தேடிப் போகும். நடுவுல எலும்பு வந்து நின்னிருந்தா அது எலும்போட தப்பு. நாங்க அதுக்கு நோட்டீஸ் குடுக்க முடியுமா?"

"எலும்பு வேற எங்க சாஹேப் போய் நிக்கும்? தாடையிலதானே நிக்கும்!" என்றாள் ஜவேர்பென்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அவர், மிகவும் திருப்தியாக.

கடைசியாகப் போனது அறுவைத் துறையின் சின்ன டாக்டரம்மா ஃபால்குனியிடம். அவள் விளக்கடித்துப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பேடாவை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

"காகா, வாயைத் திறக்காதீங்க, தலையை மட்டும் ஆட்டுங்க. பல்லு புடுங்கினப்போ கரண்ட் வெச்சதைச் சொன்னீங்களா?"

அவர் வலது கையைத் தூக்கினார். டாக்டரம்மா கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டாள். உறுதிமொழியை அவளும் கேட்டிருக்கிறாள்.

"இந்த எலும்பு செத்துப் போச்சு. கரண்ட் பட்ட எலும்புல ரத்த ஓட்டம் கம்மி, காயம் ஆறாது. உள்ளயே உளுத்துப் போய் முறிஞ்சிருக்கு. தகடு வெச்சு முறுக்கினா திருகாணி நிக்காது. செத்த பகுதியை எடுத்துட்டு, கால்லேர்ந்து ஒரு எலும்பை ரத்தக் குழாயோட எடுத்து இங்க வெச்சுத் தைக்கணும். சீக்கிரம் பண்ணணும். இல்லைன்னா சீழ் வெளிய ஓட்டை போட்டுடும். அப்புறம் குடிக்கிற தண்ணி கன்னத்து வழியா வரும்."

"மறுபடி ஏலம் கூவ முடியுமா?" அது ஜவேர்பென் கேட்டது. அவர் கேட்கச் சொல்லிக் கண்ணால் காட்டியது.

"கூவலாம். பழைய மாதிரி இருக்காது. ஆனா கூவலாம்."

அந்த 'கூவலாம்' கேட்டதும் தேவ்ஷிபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மார்க்கெட் யார்டில் அவர் இடத்தில் ஒரு பையன் ஒலிபெருக்கி வைத்துக் கூவுகிறான் என்று முந்தின நாள்தான் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆனால் அறுவைக்கு எலும்பு முறிவுப் படிவம் வேண்டும். அதில் முறிவுக்குக் காரணம் என்று நாலு கட்டம்: விழுந்தது, வண்டி, மாடு, அடிதடி. ஏதாவது ஒன்றில் குறி போட்டுச் சாட்சியும் தர வேண்டும். கரண்ட் என்று கட்டம் இல்லை. ஃபால்குனி பேனாவால் ஐந்தாவது கட்டம் ஒன்று வரைந்து, பக்கத்தில் கரண்ட் என்று எழுதி, குறி போட்டு அனுப்பினாள். படிவம் போன வேகத்தில் திரும்பி வந்தது, ஹிம்மத்லால் சேட் எல்லோரையும் கூப்பிடுகிறார் என்ற சேதியோடு.

சேட் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தேவ்ஷிபாயை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

"தேவ்ஷிபாய், நீங்க நம்ம குடும்பம். நாப்பது வருஷமா நம்ம மிஷின் ஒரு எலும்பைத் தொட்டதில்ல. எப்படித் தெரியும்னு கேளுங்க. யாரும் எழுதலை. யாரும் எழுதாததாலதான் இந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு நல்ல பேரு. இந்தம்மா சின்னப் பொண்ணு, கட்டம் வரைஞ்சிடுச்சு. ஒரு கட்டம் இருந்தா ஒருத்தர் குறி போடுவார். ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் போடுவார். அப்புறம் எத்தனை பேர்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாம வைத்தியம் பண்ணணும். இவ்வளவு பேருக்கு வைத்தியம் பண்ணா, ஜெயித்தவர் தினத்துக்கு யார் வருவா? நீங்களே சொல்லுங்க."

தேவ்ஷிபாய் வாயைத் திறந்தார். டக்.

"பார்த்தீங்களா, ஒத்துக்கிறார்," என்றார் சேட். "நாலு கட்டம் இருக்கு. தாராளமா எதுல வேணாலும் போடுங்க. நான் எதையும் திணிக்கலை."

விழுந்ததற்குச் சாட்சி இல்லை. வண்டிக்கு வண்டி எண் வேண்டும். மாடு சுலபம் என்று பிபின்பாய் ஜன்னல் வழியாக இரகசியமாகச் சொன்னார். ராஜ்கோட்டில் மாடு முட்டாத குடும்பம் எது? எங்கள் சொசைட்டி வாசலிலேயே ஒற்றைக் கொம்புக் காளை ஒன்று எந்நேரமும் நிற்கும். மஞ்சுளாபென் வீட்டு ஸ்கூட்டரை இரண்டு தடவை தள்ளியிருக்கிறது. நான்கு பேர் சாட்சிக் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் காளை ஊர்ப் பசு மடத்தைச் சேர்ந்தது, மடத்துக்கும் தலைவர் ஹிம்மத்லால் சேட். "நம்ம காளை யாரையும் முட்டாது. நாப்பது வருஷமா ஒருத்தர்கூட எழுதலை," என்று அதையும் திருப்பி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது அடிதடி.

அடிதடி என்றால் அடித்தவர் வேண்டும். இதற்குள் தேவ்ஷிபாயின் கன்னத்தில் வெளியே ஒரு சிவந்த புள்ளி வந்துவிட்டது. ஃபால்குனி அதைத் தொட்டுப் பார்த்து, இங்கேதான் ஓட்டை விழும் என்றாள். ஜவேர்பென் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"எழுதுங்க பிபின்பாய். நான்தான் அடிச்சேன்."

"பென்!"

"எழுதுங்கங்கிறேன்ல!"

போலீஸ்காரர் வந்தார். நல்ல மாதிரி, வயசானவர். நோட்டைத் திறந்து கேட்டார். "எதால அடிச்சீங்க பென்?"

"பூரிக்கட்டையால."

"என்ன காரணம்?"

அதுவரைக்கும் சத்தமாகப் பேசிய ஜவேர்பென் அப்போதுதான் குரலைத் தாழ்த்தினாள். "மாவா போட்டாரு சாஹேப். முப்பது வருஷம் போட்டாரு. அந்த முதல் நாளே அடிச்சிருக்கணும். லேட்டா அடிச்சேன்."

தேவ்ஷிபாய் இரண்டு கையாலும் இல்லை இல்லை என்று ஆட்டினார். போலீஸ்காரர் அதைப் பார்த்து, 'கணவர் இன்னும் பயத்தில் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நோயாளிப் பதிவேட்டில் பேர் ஏறியது. அதனால் ஜெயித்தவர் பதிவேட்டில் பேர் அடிக்கப்பட்டது. அதனால் சுவரிலிருந்து முகக்கூடு இறக்கப்பட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு ஜவேர்பென்னிடம் கொடுக்கப்பட்டது. சுவரில் அந்த இடத்தில் வெளுப்பாக ஒரு முகம் மட்டும் நின்றது. ஜவேர்பென் வியாழக்கிழமை தோறும் குடும்ப அமைதி வகுப்புக்கு வர வேண்டும் என்றும் எழுதினார்கள்.

அறுவைக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் அந்த வராந்தா வழியாகப் போனது. காஞ்சன்பென் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். ஃபால்குனி நடந்துகொண்டே அவள் கையைத் தொட்டாள்: "அடுத்தது நீங்க மாஸி. கட்டம் ஏதாவது யோசிச்சு வைங்க."

"என்னை அடிக்க வீட்டுல யாரும் இல்லையே டாக்டர்," என்றாள் காஞ்சன்பென். சிரித்தாள். தலைப்பு நனைந்தது.

ஒன்பது மணி நேரம். காலிலிருந்து எலும்பு தாடைக்குப் போயிற்று. மூக்கில் குழாயோடு வார்டில் கிடந்தபோது, ஜெயித்தவர் தினத்தின் ஒலிபெருக்கி கேட்டது. எனக்கு வியாதி இல்லை, எனக்கு வியாதி இருந்ததும் இல்லை. இருநூறு குரல். அந்தக் குரல்களின் இடையில் தேவ்ஷிபாய்க்கு டக், டக் என்று அங்கங்கே கேட்டது. மருந்து மயக்கம் என்றாள் நர்ஸ். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் அவர் அந்தத் தங்க முகக்கூட்டை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. மூக்கு பொருந்தியது, நெற்றி பொருந்தியது, இடது பக்கம் ஏறி நின்றது. முப்பத்து மூன்று தடவை அதற்குள் படுத்திருந்தவன் வேறு யாரோ. ஜவேர்பென் அதை வாங்கித் துணி அலமாரிக்கு மேலே வைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை தையல் காட்டப் போனபோது வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. அடுத்த வியாழனும். அதற்கடுத்ததும். ஜன்னலுக்குப் போய்க் கேட்டார். புதுத் தாடையில் வந்த முதல் முழு வாக்கியம் அதுதான், கொஞ்சம் கொழகொழவென்று: "காஞ்சன்பென் வர்றதை நிறுத்திட்டாங்களா?"

பிபின்பாய் பதிவேட்டைப் புரட்டினார். "ஆமா தேவ்ஷிபாய். நாலு வருஷத்துக்கு முன்னாடியே."

புதிதாக எழுத ஒன்றுமே இல்லை. எல்லாம் முன்னமே எழுதியாகியிருந்தது.

தேவ்ஷிபாய் ஜன்னலை விட்டு நகர்ந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி கூடத்தின் நடுவுக்கு வந்து, ஊன்றி நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்தார்:

"காஞ்சன்பென், ஒரு தரம்!"

கான்டீனில் கோப்பைகள் நின்றன. வராந்தாவில் தங்க முகங்கள் ஆடியது மின்விசிறியால்தான் என்கிறார்கள்.

"காஞ்சன்பென், ரெண்டு தரம்!"

மூன்றாவது தரம் சொல்லவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஏலம் கூவியவருக்கு மூன்று சொன்னால் முடிந்துவிடும் என்று தெரியாதா? அடுத்த வியாழனும் போனார், ஒரு தரம், ரெண்டு தரம், உட்கார்ந்தார். ஜவேர்பென் குடும்ப அமைதி வகுப்பு முடிந்து வந்து பக்கத்தில் உட்காருவாள்.

மற்றபடி எல்லாம் சௌக்கியம். அவர்கள் மகள் ஹேதலுக்கு ஜேத்பூரில் சேலை அச்சடிக்கும் குடும்பத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. போலீஸ் நோட்டுச் சேதி கேட்டு மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்தபோது சம்பந்தம் முறியும் என்று சொசைட்டியே காத்திருந்தது. அந்த அம்மாள் அடுப்படி வரைக்கும் போய்ப் பூரிக்கட்டையைப் பார்த்துவிட்டு வந்து, தேதியை முன்னால் வைக்கலாம் என்றாள். மார்கழி பிறக்கும் முன்னே கல்யாணம் முடிந்தது. இன்றுவரை மாமியார் ஹேதலை ஒரு சொல் சொன்னதில்லை. ஃபால்குனிக்குப் படிவத்தைச் சேதப்படுத்தியதற்காக விளக்கம் கேட்டு ஓலை கொடுத்தார்கள்; அவள் மயக்க மருந்து டாக்டரைக் கட்டிக்கொண்டு இருவருமாகச் சூரத்துக்குப் போய்விட்டார்கள். காளையைக்கூடப் பசு மடம் வேறு தெருவுக்கு மாற்றிவிட்டது.

காஞ்சன்பென் விஷயம்தான் ஆஸ்பத்திரிக்குத் தலைவலியாக இருந்தது. வியாழன் தவறாமல் பேர் கூவினால் கூட்டம் யார் அது என்று கேட்கிறதே. சேட் கூட்டம் போட்டு யோசித்து, கடைசியில் பிபின்பாயை அவள் பேருக்கு எதிரே ஒரு வரி எழுதச் சொன்னார்: ஊர் மாறிப் போய்விட்டார். எந்த ஊர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள்.